மூக்கைத் திருப்பிய நாள்

கப்பலைத் தலைகீழாகத்தான் கட்டுவார்கள். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆனால் அதுதான் உண்மை. முழுக் கப்பலை அல்ல, துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டையும் கவிழ்த்துப் போட்டுக் கட்டுவார்கள். அண்ணாந்து பார்த்துப் பற்றவைத்தால் உருகின இரும்பு கழுத்துக்குள் சொட்டும். குனிந்து பற்றவைத்தால் அது சொன்ன இடத்தில் சமர்த்தாக உட்காரும். அதனால் மேல்தளம் மண்ணைப் பார்த்துக் கிடக்கும், அடிப்பாகம் வானத்தைப் பார்க்கும். வேலை முடிந்த பிறகு அத்தனை இரும்பையும் ஆகாயத்தில் தூக்கி, கரியடுப்பில் கிடக்கும் மாட்டு விலாவைத் திருப்புகிற மாதிரி திருப்பிப் போட வேண்டும்.

பரானா ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பட்டறையில் அன்றைக்குத் திருப்ப வேண்டியிருந்தது மூக்கை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முன்னால் போகிற முகப்புத் துண்டுக்கு அங்கே எல்லோரும் வைத்திருந்த பெயர் அது. எண்பது டன். வெல்டர் சோலாவும் அவள் கூட்டமும் நான்கு மாதமாக அதன் மேல் ஏறி, உள்ளே புகுந்து, படுத்து, தவழ்ந்து வேலை செய்திருந்தார்கள். அதன் ஒவ்வொரு பற்றவைப்பும் எந்த இடத்தில் முரடு, எந்த இடத்தில் வழவழப்பு என்று அவர்களுக்குத் தெரியும். அது பார்க்க எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. கவிழ்ந்து கிடக்கிற ஒன்றின் முகத்தை யாரால் பார்க்க முடியும்?

திருப்புவதற்கு இரண்டு கிரேன் வேண்டும். ஆற்றுப் பக்கத்துக் கிரேனை ஓட்டியவன் நெஸ்தோர் அயாலா. ஊர்ப் பக்கத்துக் கிரேனை ஓட்டியவள் இர்மா லஸ்கானோ. இருவரும் பதினோரு வருஷம் புருஷன் பெண்டாட்டியாக இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீதிபதி எதிரில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தவர்கள். தரையில் இருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மத்தியானம் அவன் வடக்குப் பக்கத்து அடுப்பில் இறைச்சி சுட்டால் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு தெற்குப் பக்கத்து அடுப்புக்குப் போய்விடுவாள். ஆனால் கூண்டில் ஏறி உட்கார்ந்தால் அந்த இரண்டு கிரேனும் ஒரே ஆளின் இரண்டு கைகளாகிவிடும். பட்டறைக்கு இதைவிட நல்ல தீனி வேறு என்ன வேண்டும்? "வீட்ல ஒரு பீரோவ சேந்து நகத்தத் துப்பில்ல, இங்க வந்து கப்பலத் தூக்குதுங்க" என்பது அங்கே தினசரி ஒருவராவது சொல்லிவிடுகிற வசனம்.

ஏப்ரல் மாதத்தோடு அந்தக் கிண்டல் அடங்கிப் போயிற்று. இர்மாவுக்கு ஒரு குணம். எது கோணலாக இருந்தாலும் அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தாலும் எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்து உட்காருவாள். நெஸ்தோரின் சட்டைக் காலர், அவன் கதை சொல்லும்போது தவறவிடுகிற விவரம், அவன் இறைச்சிக்கு உப்புப் போடுகிற நேரம் எதுவும் அவள் கைக்குத் தப்பியதில்லை. ஏப்ரலில் கப்பலின் நடுத்துண்டைத் தூக்கும்போது அது அவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. கீழே நின்று கை காட்டும் சைகைக்காரரிடமிருந்து சைகை வரவில்லை. அவளாகவே தன் கிரேனின் நெம்புகோலை ஒரு சாண் அளவுக்கு நகர்த்தினாள். இரும்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. பக்கத்தில் நின்ற சாரம் தீக்குச்சிக் கட்டு போலச் சிதறியது. ஆள் யாரும் அடியில் இல்லாதது அவர்கள் செய்த புண்ணியம்.

இரண்டு கிரேன் சேர்ந்து ஒரே பாரத்தைத் தூக்கும்போது உதவி என்று ஒன்று கிடையாது. உதவப் போனால் கொன்றுவிடுவோம். சைகைக்காரர் கை சொன்னதைச் செய்ய வேண்டும், சொல்லாததைச் செய்யக் கூடாது. இது இர்மாவுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அவள் கைக்குத்தான் தெரியவில்லை. அன்றைக்கு நெஸ்தோர் கீழே இறங்கி வந்து கத்துவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவனோ உடைந்த சாரத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்து போய்விட்டான். அதற்குப் பிறகு தெற்கே கடலோரத்தில் மீன்பிடிக் கப்பல் கட்டும் ஒரு பட்டறையில் அவன் வேலை தேடிக்கொண்ட செய்தி வந்தது.

மூக்கைத் திருப்ப இர்மாவுக்குப் பதில் வேறு ஆளைப் போட்டிருக்கலாம். திருப்பத் தெரிந்த மூன்றாவது ஓட்டுநர் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தில் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். மூக்குக்காகக் கப்பல் காத்திருந்தது, கப்பலுக்காக ஆயிரம் பேர் காத்திருந்தார்கள். எனவே இர்மாதான்.

அன்று வியாழக்கிழமை. அந்த ஊரில் ஆகஸ்ட் என்றால் நடுக்குளிர்காலம்; ஆற்றின் மேல் மூடுபனி கலைந்துகொண்டிருந்தது. சைகைக்காரர் எவாரிஸ்தோ இரண்டு பேரையும் மூக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பேசினார். நெட்டையான ஒல்லி மனிதர்; ஒற்றைக் காலில் நின்று மறு காலைச் சொறிகிற வழக்கம் இருந்ததால் எல்லோருக்கும் அவர் கொக்கு. அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கேட்டுக்குங்க," என்றார் கொக்கு. "மொதல்ல ரெண்டு பேரும் சேந்து தூக்குறீங்க. அப்புறம் இர்மா, நீ உன் பக்கத்தக் கொஞ்சங்கொஞ்சமா எறக்குற. மூக்கு செங்குத்தா நிக்கும். அப்ப மொத்தப் பாரமும் நெஸ்தோர் தலையில. உன் கொக்கியக் கழட்டி, மூக்க அரை வட்டம் சுத்தி, அந்தப் பக்கத்து முதுகுல மாட்டுவோம். மறுபடி நீ தூக்குற. மூக்கு நிமிந்து படுக்கும். புரிஞ்சுதா தாயி?"

"தெரியும் அண்ணே."

"தெரியும்னுதான் ஏப்ரல்லயும் சொன்ன."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். கொக்கு சிரிக்கவில்லை.

"அவன் தலையில பாரம் நிக்கிறப்ப நீ ஒரு சாண் இழுத்தாலும் போச்சு. கிரேன் நேரா எவ்வளவு வேணாத் தாங்கும். பக்கவாட்டுல இழுத்தா மடங்கிரும். அவன் கூண்டோட ஆத்துக்குள்ள போவான். கயிறு பிடிக்கிறவங்க மூக்குக்கு அடியில போவாங்க. என் கை தெரிஞ்சா, என் கை சொல்றதச் செய். என் கை தெரியலன்னா?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"ஒண்ணும் செய்யக் கூடாது அண்ணே! ஸ்கூல்ல சேத்துவிட்ட மாதிரி இருக்கு."

"அத அவகிட்ட சொல்லிப் பிரயோஜனமில்ல," என்றான் நெஸ்தோர், ஆற்றைப் பார்த்தபடி. "அவ கைகிட்ட சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழமை தெக்க பஸ் ஏறப் போற ஆளுக்கு வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல," என்றாள் இர்மா, அவளும் ஆற்றைப் பார்த்தபடி.

"சாமிகளா, சண்டைய மேல போயிப் போடுங்க. அங்க போட்டா எங்களுக்குக் கேக்காது," என்று கொக்கு இருவரையும் விரட்டினார். வாக்கி-டாக்கி எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் நடுவில் இரும்புச் சுவர் வந்துவிட்டால் அது கிழவனைப் போல இருமுமே தவிரப் பேசாது. அங்கே எல்லோரும் நம்பியது கொக்கின் கையை.

ஏணி அடியில் சோலா நின்றிருந்தாள். துண்டைக் கட்டியவர்கள்தான் அதைத் திருப்பும்போது கீழிருந்து ஆட்டம் காணாமல் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். யாரும் உத்தரவு போட்டதில்லை. பெற்றவர்கள் பிடிக்காமல் வேறு யார் பிடிப்பது என்பார்கள். சோலா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அடியே, நான் அடியில நிக்கிறேன். எனக்கு மூணு பிள்ளைங்க. ஞாபகம் வச்சுக்க."

"பயமுறுத்தாதடி."

"பயமுறுத்தல. கேட்டுக்குறேன்." பிறகு, இர்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, "அப்படியே விழுந்தாலும் நியூவெல்ஸ்காரன் எவன் தலையிலயாவது பாத்து விழ வை. நம்ம சென்ட்ரலுக்கு ஒரு எதிரி கொறைவான்," என்றாள். நியூவெல்ஸும் சென்ட்ரலும் அந்த ஊரின் ஜென்மப் பகைக் கால்பந்து அணிகள்; நெஸ்தோர் நியூவெல்ஸ்காரன். இர்மா சிரித்துக்கொண்டே ஏற ஆரம்பித்தாள். பாதி ஏணியில் சிரிப்பு நின்றுவிட்டது.

கூண்டிலிருந்து பார்த்தால் பட்டறை முழுவதும் தெரியும். சரிவு மேடையில் மூக்கில்லாத கப்பல் கிடந்தது. வெட்டுப்பட்ட அதன் முன்புறம் திறந்திருக்க, உள்ளே தளங்களும் குழாய்களும் அறைகளுமாக ஒரு தெருவே தெரிந்தது. அந்தத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எறும்பு போல வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மூக்கைத் திருப்பும் நாளில் பட்டறையில் எல்லாச் சத்தமும் நிற்க வேண்டும். அரைக்கும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. சுத்தியல்கள் நின்றன. வெல்டிங்கின் நீல வெளிச்சங்கள் அணைந்தன. வருஷம் முழுக்க இரும்பு அலறுகிற அந்த இடத்தில் ஆற்றுத் தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம் கேட்டது. அது கேட்கும்போதெல்லாம் இர்மாவுக்கு, இத்தனை நாளும் இந்த ஆறு இங்கேதான் இருந்ததா என்று தோன்றும்.

கொக்கு திறந்த வெளியில் தனியாக நின்று இரண்டு கையையும் மெல்ல உயர்த்தினார்.

இர்மா நெம்பைத் தொட்டாள். எதிரே, ஆற்றுக்கு மேலே, நெஸ்தோரின் கூண்டும் அதே கணத்தில் முனகியது. கம்பிவடங்கள் தொய்வு நீங்கி விறைத்தன. கூண்டுக்குள் பாரம் காட்டும் முள் நகர்ந்து ஐந்து டன், பத்து, இருபது, முப்பது என்று ஏறியது. நாற்பதில் நின்றது. மூக்கு இன்னும் தரையை விடவில்லை. விடுவேனா என்று யோசிப்பது போல ஒரு நொடி. பிறகு அதற்கும் தரைக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் புகுந்தது.

எத்தனை தடவை பார்த்தாலும் பழகாதது அது. நான்கு மாதமாக மண்ணோடு மண்ணாகக் கிடந்தது, மழையில் நனைந்தது, பறவைகள் எச்சமிட்டது, மத்தியானத்தில் ஆட்கள் நிழலுக்கு ஒதுங்கியது, இப்போது காற்றில் இருந்தது. அதன் நிழல் கீழே தனியாகப் பிரிந்து நகர்ந்தது. நான்தான் தூக்குகிறேன் என்கிற நினைப்பே இர்மாவுக்கு வரவில்லை. ஏதோ பெரிய ஒன்று தன் விருப்பத்துக்கு எழுந்து போகிறது, அதற்குப் பக்கத்தில் நிற்க நமக்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

மூக்கு நான்கு மாடி உயரத்துக்கு வந்ததும் கொக்கின் கை விரிந்தது: நில். பிறகு அவர் இடது கையின் விரல்கள் கீழ்நோக்கிச் சுருங்கி விரிந்தன: இர்மா, இறக்கு, மெல்ல.

அவள் இறக்கினாள். அவள் பக்கம் தாழ, நெஸ்தோர் பக்கம் அப்படியே நிற்க, மூக்கு மெதுவாக எழுந்து நின்றது. உள்ளேயிருந்து நான்கு மாதத்துக் குப்பை கொட்ட ஆரம்பித்தது. எரிந்துபோன வெல்டிங் குச்சிகளின் மிச்சங்கள், துருத்தூள், தேங்கியிருந்த மழைத்தண்ணீர், யாரோ தொலைத்த கையுறை, ஒரு கரண்டி. அந்த அமைதியில் அந்தக் கரண்டி கீழே விழுந்த சத்தம் பட்டறை முழுவதும் கேட்டது. அவள் முள் முப்பது, இருபது, பத்து என்று இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. எண்பது டன்னும் இப்போது ஒற்றை ஆளிடம், ஒற்றைக் கிரேனிடம் இருந்தது. அதுவும் பழைய கிரேன். பாரம் வந்துவிட்டால் பிரேக்கை அழுத்திய காலை எடுக்கக் கூடாத ரகம்.

தொங்கு கூடையில் போன ஆட்கள் அவள் கொக்கியைக் கழற்றினார்கள். சோலாவின் கூட்டம் கயிறுகளை இழுக்க, மூக்கு நின்றபடியே அரை வட்டம் சுற்றியது. அந்தப் பக்கத்து முதுகில் கொக்கியை மாட்டினார்கள். கூடை விலகியது. வடத்தின் தொய்வை எடுக்கச் சொல்லிக் கொக்கின் சுண்டுவிரல் அசைந்தது. அவள் எடுத்தாள். முள் பூஜ்யத்திலிருந்து மயிரிழை நகர்ந்தது. இனித் தூக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் காற்று வந்தது. தென்மேற்கிலிருந்து பம்பேரோ என்கிற குளிர்ந்த சூறைக்காற்று மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். வானொலி சொல்கிறதை எல்லாம் அது கேட்டுக்கொண்டிருக்குமா? முதலில் அக்கரைப் புல் படுத்தது. பிறகு ஆற்றின் நிறம் மாறியது. அடுத்த நொடி கூண்டின் கண்ணாடி அதிர்ந்தது. நின்றுகொண்டிருந்த மூக்கு நான்கு மாடி உயரத்துக்குப் பாய் விரித்தது போலக் காற்றை முழுக்க வாங்கித் திரும்பியது. கீழே கயிறு பிடித்தவர்கள் சேற்றில் குதிகாலை ஊன்றிச் சாய்ந்தார்கள். சோலா முழங்காலில் விழுந்து, கயிற்றை விடாமல் இழுபட்டுப் போவது தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. மூக்கு திரும்பி இர்மாவுக்கு நேர் எதிரில் வந்து, கொக்கை மறைத்தது, நெஸ்தோரின் கிரேனை மறைத்தது, ஆற்றை மறைத்தது. கண்ணாடிக்கு வெளியே பழுப்பு இரும்பு மட்டுமே இருந்தது.

வாக்கி-டாக்கி இருமியது.

முள் துடித்தது. ஐந்து டன். பூஜ்யம். எட்டு. பூஜ்யம். பன்னிரண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வடம் விறைத்து, கூண்டு ஒரு முறை முன்னால் குனிந்து நிமிர்ந்தது. மூக்கின் அடி நுனி நெஸ்தோர் பக்கமாகச் சரிகிற மாதிரி இருந்தது. அவன் பிரேக் வழுக்குகிறதோ? இல்லை, காற்றா? கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்று: அவன் அங்கே எண்பது டன்னோடு தனியாக இருக்கிறான், என் கையில் ஒரு நெம்பு இருக்கிறது. கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாமே. பத்து டன், இருபது டன். அவனுக்கு மூச்சுவிட ஒரு இடம் கொடுக்கலாமே. அவள் கை நெம்பின் மேல் இருந்தது. அது தூக்கத் தொடங்கவில்லை. ஆனால் தூக்கப் போகிற கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏப்ரலில் இருந்த அதே கை.

அவனைப் பற்றிய பழைய கோபமும் அப்போதுதானா வர வேண்டும்? கஷ்டம் என்று வந்தால் அவன் நிற்க மாட்டான். வீட்டில் பேச்சு முற்றினால் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவான், விடிந்த பிறகுதான் வருவான். அவள் அம்மா இறந்த அன்றைக்குக்கூட ஆற்றங்கரையில்தான் கிடந்தான். அப்படிப்பட்ட ஆள் இப்போது ஒற்றைக் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? அவன் எழுந்தால் மூக்கு விழும். சோலா அடியில் இருக்கிறாள். அவன் எழமாட்டான் என்று நம்ப அவளிடம் ஒரு காரணமும் இல்லை. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை.

அவள் நெம்பிலிருந்து கையை எடுத்தாள். அவள் கிரேனில் கையை எடுத்தால் பிரேக் தானாக விழும். கை திரும்பவும் நெம்புக்குப் போயிற்று. தொடவில்லை, பக்கத்தில் போயிற்று. அதை அவள் பார்த்தாள். தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்து, அவற்றின் மேல் முழு உடம்பையும் போட்டு உட்கார்ந்தாள். முள் பதினைந்தைத் தொட்டது. அவள் கண்ணை மூடவில்லை; மூடினால் கை ஜெயித்துவிடும் என்று பட்டது. எதிரே இருந்த இரும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோலாவின் வெல்டிங் தையல்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக, மீன் செதில் போல நெருக்கமாக, ஒரு இடத்திலும் தப்பாமல் ஓடின. இவ்வளவு அழகாகவா போட்டிருக்கிறாள் என்று அந்த நிலையிலும் நினைத்தாள். மாதாவே, நில்லு நெஸ்தோர், நில்லு, என்று வாய்விட்டுச் சொன்னாள். அவன் பெயரை அவள் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எவ்வளவு நேரம் என்று பிறகு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். காற்று ஒரு முறை பெருமூச்சு விட்டு இறங்கியது. முள் எட்டு, ஐந்து, மூன்று என்று அடங்கியது. இரும்புச் சுவர் மெல்லத் திரும்பி விலக, அதன் ஓரத்தில் முதலில் ஆறு தெரிந்தது, பிறகு திறந்த வெளி, அதில் கொக்கு. இரண்டு கையையும் அகல விரித்து நின்றிருந்தார். நில் என்பதற்கான சைகை. யாரும் பார்க்க முடியாதபோதும் அந்தக் கையை அவர் இறக்கியிருக்கவில்லை. தொப்பி பறந்து போய்விட்டிருந்தது. முழங்காலிலிருந்து சோலா எழுந்து நின்றாள். எதிரே நெஸ்தோரின் கிரேன், இருந்த இடத்தில் இருந்தது.

கொக்கின் சுண்டுவிரல் மேலே காட்டியது.

தொடைக்கு அடியில் இருந்த கைகள் மரத்துப் போயிருந்தன. இர்மா அவற்றை உதறி, நெம்பைப் பிடித்து, தூக்கினாள். இந்த முறை முள் ஏறியபோது அது பயமாக இல்லை. பத்து, இருபது, முப்பது. அவனிடமிருந்து பாரம் அவளிடம் வந்துகொண்டிருந்தது, கேட்டு வாங்கின பாரம். நின்றுகொண்டிருந்த மூக்கு சாய்ந்தது, சாய்ந்து நிமிர்ந்தது, நிமிர்ந்து முகத்தைக் காட்டியது.

அப்படி ஒன்றை அவர்கள்தான் செய்தார்கள் என்று நம்புவது கஷ்டமாக இருந்தது. இரண்டு பக்கமும் பெரிய தகடுகள் அகலமாகத் தொடங்கி, வளைந்து, ஒன்றை ஒன்று தேடி வந்து, முன்னால் ஒரே விளிம்பில் சேர்ந்தன. எங்கே வளைவு ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இரும்பு என்றே தோன்றவில்லை. தண்ணீர் எப்படி வழிவிடும் என்று தண்ணீரிடமே கேட்டு வந்து செய்தது போல இருந்தது. கூரை என்று நினைத்துத் தலையை இடித்துக்கொண்டது எல்லாம் இப்போது தரை. தரை என்று நினைத்துச் சாப்பாட்டு டப்பாவை வைத்துச் சாப்பிட்டது எல்லாம் ஆட்கள் தலைக்கு மேல் ஐந்து ஆள் உயரத்தில் இருந்தது. வெயில் பனியைத் தாண்டி வந்து அந்த விளிம்பில் பட்டது. கீழே ஆயிரம் பேர் வாயைத் திறந்து நின்றார்கள். சோலா கயிற்றைக் கையில் சுற்றிய நிலையில் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். "நம்ம வேலையா இது? ஏய், நம்ம வேலையாடா இது?" என்று பக்கத்தில் நின்றவனை அடித்து அடித்துக் கேட்டாள்.

மூக்கு தாங்கிகளின் மேல் உட்கார்ந்து, வடங்கள் தொய்ந்தவுடன் யாரோ ஒருவன் சுத்தியலால் பக்கத்து இரும்பில் ஓங்கி அடித்தான். இன்னொருவன் அடித்தான். பிறகு பட்டறை முழுவதும் கையில் கிடைத்ததை எடுத்து, தகடு, குழாய், தூண், தண்டவாளம் என்று எதிரில் இருந்த இரும்பை எல்லாம் அடித்தார்கள். மூக்கு நிமிர்ந்தால் அப்படித்தான். கூண்டின் கண்ணாடி நடுங்கியது. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து இர்மாவும் அழுதாள். யாருக்கும் கேட்காது என்பதால் நன்றாகவே அழுதாள்.

இர்மா இறங்கிக் கீழே வந்து ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தாள். தூக்கியவர்களுக்குத்தான் முதல் மாத்தே தேநீர். கொக்கு சுரைக்குடுவையில் இலையைப் போட்டு, ஒரே குழலால் ஆளுக்கு ஒரு தடவை உறிஞ்சக் கொடுப்பார். பிரிந்ததிலிருந்து இர்மா அந்த நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவாள். இன்று நழுவவில்லை. நெஸ்தோர் வந்து கட்டையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் வலது கால் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையால் அமுக்கிப் பிடித்திருந்தான். கொக்கு இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். வெந்நீர்க் குடுக்கையையும் சுரைக்குடுவையையும் நடுவில் வைத்துவிட்டு, "நான் தொப்பியத் தேடிட்டு வரேன்," என்று போய்விட்டார்.

"நீ தூக்கிருவன்னு நெனச்சேன்," என்றான் நெஸ்தோர்.

"தூக்கத்தான் பாத்தேன்."

"அப்புறம்?"

"கை மேல உக்காந்துக்கிட்டேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். முதலில் வாய் மட்டும் சிரித்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு அது சிரிப்பாக இல்லை. முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"பதினோரு வருஷத்துல ஒரு நாள் நீ அப்படி..." என்று ஆரம்பித்தான்.

"வேணாம் நெஸ்தோர். அத ஆரம்பிச்சா நானும் ஆரம்பிப்பேன். நீ ஒரு நாளாவது நின்னிருக்கியா? கஷ்டம்னா கதவத் தெறந்துக்கிட்டுப் போயிருவ."

"இன்னிக்கும் தெறந்தேன்," என்றான் அவன்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"காத்து வந்ததும் நீ கண்டிப்பா இழுத்துருவன்னு தெரியும். கூண்டுக் கதவத் தெறந்து ஒரு கால வெளிய வச்சுட்டேன். ஒரு கால் பிரேக்கில, ஒரு கால் ஏணியில. உன்னப் பாக்க முடியல. மூக்குக்கு மேல உன் வடம் மட்டும் ஒரு முழம் தெரிஞ்சுது. அதையே பாத்துக்கிட்டிருந்தேன். அது மேல ஏற ஆரம்பிச்சா குதிச்சிரலாம்னு. ஏறவே இல்ல இர்மா. அது அசையவே இல்ல." அவன் காலை இன்னும் அமுக்கிப் பிடித்திருந்தான். "அப்புறம் கால உள்ள இழுத்துக்கிட்டேன். கதவச் சாத்திட்டேன்."

இர்மா குடுவையை எடுத்து வெந்நீர் ஊற்றினாள். ஒரு வாய் உறிஞ்சி, குழலைத் துடைக்காமல் அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். எதிரே ஆட்கள் மூக்கின் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றிருந்தார்கள். மாதா சிலையைத் தொடுகிற மாதிரி தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். சோலா இரண்டாவது தடவையாக வரிசையில் நின்றிருந்தாள்.

அவன் குடுவையைத் திருப்பிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைப் பஸ்ஸைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் போவான் என்று இருவருக்கும் தெரியும். வீட்டில் இத்தனை வருஷம் தேடியும் கிடைக்காதது ஒரு காற்றடிக்கிற நேரத்துக்குக் கிடைத்தது என்றும் இருவருக்கும் தெரிந்தது.

"நாளைக்கு மூக்கக் கப்பலோட சேக்கணும்," என்றான் நெஸ்தோர் எழுந்து.

"தெரியும்."

"ரெண்டு கிரேன் வேணும்."

"தெரியும்," என்றாள் இர்மா. "காலையில நேரத்தோட வா. காத்து வர்றதுக்கு முன்னாடி முடிச்சிரலாம்."